8 ஜிபி ரேம் போட்டும் 3.2தான் காட்டியது

மதுரை டவுன்ஹால் ரோடு டிடிபி கடை ஒன்றின் கம்ப்யூட்டர். எச்61 மதர்போர்டு, இரண்டு 4 ஜிபி டிடிஆர்3 ரேம். பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) 8192 எம்பி, அதாவது 8 ஜிபி, சரியாகவே தெரிந்தது. விண்டோஸ் 7-இல் மட்டும் 3.2 ஜிபி. பயாஸ் முழுசாகக் காட்டினால் ரேமைக் கழற்றித் துடைப்பது வீண் வேலை. காரணம், அதிலிருந்த விண்டோஸ் 32 பிட் வகை; அது 4 ஜிபியைத் தாண்டாது, அதிலும் கிராபிக்ஸ் முதலிய சாதனங்களுக்கு ஒதுக்கும் நினைவக முகவரிகள் போக மிச்சம்தான் கிடைக்கும்.

முழு ரேமும் கிடைக்க 64 பிட் விண்டோஸ் வேணும். அதிலும் எந்தப் பதிப்பு என்று பார்க்கணும்: ஹோம் பேசிக் 8, ஹோம் பிரீமியம் 16, புரொபஷனல் 192 ஜிபி வரை. 32-இலிருந்து நேரடி அப்கிரேடு கிடையாது. ஃபைல்கள், தமிழ் ஃபாண்டுகளை வேறு டிஸ்க்கில் எடுத்துவைத்து, சி டிரைவை ஃபார்மட் அடித்துப் புரொபஷனல் ஏற்றினேன். பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் முன்கூட்டியே இறக்கிவைங்க. பழைய 16 பிட் தட்டச்சு மென்பொருள் 64 பிட் விண்டோஸில் ஓடாது. இந்த போர்டின் உச்சம் 16 ஜிபி, ஸ்லாட்டுக்கு 8.