முத்துப்பேட்டை அலையாத்திக் காடு: படகுக்கு முன்னால் அனுமதிச் சீட்டு

ஊருக்கு வந்த மறுநாளே படகு ஏறி லகூன் (கடலோரக் காயல்) பார்த்துவிடலாம் என்று உறவுக்காரர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளூர்க்காரருக்கு அது சரியாக இருக்கலாம். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் முதலில் போக வேண்டிய இடம் வனத்துறை அலுவலகம். அங்கே அனுமதி வாங்கிய பிறகுதான் ஜாம்புவானோடைக்குப் போய்ப் படகு பேச வேண்டும்.

நான் போன அலுவலகத்தில் மேசையில் இருந்தவர், வெளிநாட்டுக் குடியுரிமை வைத்திருக்கும் இந்திய வம்சாவளிக்காரருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையை, என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க ஃபாரினர் சார், மேல லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார். மேலே என்றால் வேறு ஊர். அங்கே போனால் அதிகாரி ஃபீல்டுக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்தார், ஜெராக்ஸ் கேட்டார், கடை மூடியிருந்தது. மறுநாள் விண்ணப்பத்தில் வருகையின் நோக்கம் என்ற இடத்தில் 'சொந்த ஊர்' என்று எழுதினேன். அதை அடித்துவிட்டுச் 'சுற்றுலா' என்று எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். சின்ன வயதில் மாமாவோடு வள்ளத்தில் போன, இந்தக் காட்டுக்குள் போகும் கோரையாற்றுக்குச் சுற்றுலாப் பயணியாகக் கையெழுத்துப் போட்டது இன்னும் உறுத்துகிறது.

கட்டணத்திலும் தகராறு வரும். தேசியப் பூங்காக்களிலும் வனவிலங்குச் சரணாலயங்களிலும் ஓசிஐ வைத்திருப்பவருக்கு இந்தியருக்கு உள்ள நுழைவுக் கட்டணம்தான் என்று மத்திய அரசின் 2021 மார்ச் அறிவிக்கை சொல்கிறது. அதை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், அங்கே அது நேரடியாகப் பொருந்தும். முத்துப்பேட்டையிலோ, இது காப்புக்காடு, சரணாலயம் இல்லை என்று அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். வாதாடிப் பொழுதைக் கழிக்காதீர்கள். கேட்டதைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்குள் காலை போய்விட்டது. அது பெரிய இழப்பு. சேற்றோரம் நரி தென்படுவதும் பறவைகள் பக்கத்தில் மேய்வதும் விடிந்த கொஞ்ச நேரம்தான். வெயில் ஏறியதும் கடல்காற்று கிளம்பும், ஆழமில்லாத லகூனில் படகு தட்டுத்தடுமாறும். நான் போனபோது பூநாரைகள் தூரத்தில் ஒரு வெளிர்கோடாகத் தெரிந்தன, அவ்வளவுதான். ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள். அதற்கு முந்தைய மாதங்களில் மழையும் புயலும் பயணத்தைக் கெடுக்கும்.

புயல் என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்தபோது இந்தக் காடு பெரும் சேதம் கண்டது. ஊரில் தென்னை மொத்தமும் சாய்ந்தது. நான் பணம் அனுப்பினேன், நேரில் வரவில்லை. "புயலுக்கு வராதவன், நரி பார்க்க வந்திருக்கியா தம்பி?" என்று பெரியம்மா கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சோறு போட்டுக்கொண்டே கேட்டார். ஆகவே காட்டுக்குப் போவதற்கு முன் வீடுகளுக்குப் போய்விடுங்கள். யார் வீட்டில் எந்த மரம் விழுந்தது, கூரை எப்போது மாறியது என்று கேளுங்கள்.

உள்ளே போனால் படகோட்டியிடம் வாய்க்கால்களைக் காட்டச் சொல்லுங்கள். மீன்முள் போலக் கிளை பிரித்து வெட்டி, உப்பு இறுகிய திட்டுகளுக்குள் நீரோட்டம் போக வைத்து மரம் வளர்த்திருக்கிறார்கள். காவிரியில் நல்ல தண்ணீர் குறையக் குறைய இங்கே உப்பு ஏறிவிட்டது, அதைத் தாங்கும் அவிசென்னியா என்ற அலையாத்தி இனம்தான் பெருவாரியாக நிற்கிறது. இலையின் மேல் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பாருங்கள், கரிக்கும். வேர் வழியே வந்த உப்பை மரம் இலை வழியே கக்குகிறது. சேற்றில் நட்டுக்கொண்டு நிற்பவை மூச்சுவேர்கள். போட்டோவுக்காகப் பிள்ளைகளை அதில் இறக்கிவிடாதீர்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன்பே உள்ளூர் உறவினர் ஒருவரை அலுவலகத்துக்கு அனுப்பி என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு வைத்துவிடுங்கள். பாஸ்போர்ட், ஓசிஐ நகல்களை இரண்டு மூன்று செட் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் மட்டும் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள்.