இலைக்குள் ஒளிந்து கூவும் பறவையைக் காதால் கண்டுபிடிப்பது எப்படி?

மரத்துக்குள்ளிருந்து ஏதோ புதுச் சத்தம். பறவைதான் என்று தெரிகிறது, ஆனால் ஒரு இறகுகூடக் கண்ணில் படவில்லை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். சரி, கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். காதை வைத்தே ஆரம்பிக்கலாம்.

முதல் படி: நின்ற இடத்திலேயே நில்லுங்கள். மரத்தடிக்கு ஓடினால் பறவை வாயை மூடிக்கொள்ளும். போனை எடுத்துச் சத்தம் வரும் பக்கம் நீட்டி, ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: கேட்டதை எழுதுங்கள். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் செயலியைத் திறக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். என் அனுபவத்தில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். இதற்குத் தமிழ் எழுத்து அருமையான கருவி. குறில், நெடில், புள்ளி வைத்த மெய் என்று எல்லாம் கையில் இருக்கிறது. ஆண் குயிலை எழுதினால் 'கு…ஊ, கு…ஊ'. ஒவ்வொரு கூவலிலும் சுருதி ஏறுவதால் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்பு போடுங்கள். செம்போத்து என்றால் 'ஊப் ஊப் ஊப்'. குடத்துக்குள்ளிருந்து வருவது போன்ற ஆழமான குரல். செம்மார்புக் குக்குறுவான் 'டுக் டுக் டுக்' என்று செம்புப் பாத்திரத்தைத் தட்டுவது போல, ஏறாமல் இறங்காமல், நிறுத்தாமல் ஒலிக்கும். நேரத்தையும், சத்தம் தரையோரமா, புதரா, உச்சிக்கிளையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இரண்டு இடங்களில் நின்று கேளுங்கள். இங்கிருந்து ஒருமுறை, இருபது அடி தள்ளிப் போய் ஒருமுறை, சத்தம் வரும் திசையில் கையை நீட்டிப் பாருங்கள். இரண்டு திசையும் சந்திக்கும் இடத்தில்தான் தேட வேண்டும். குக்குறுவான் மட்டும் தலையைத் திருப்பித் திருப்பிக் கூவி, வேறு வேறு கிளையிலிருந்து ஒலிப்பது போல ஏமாற்றும். பொறுமை வேண்டும்.

அப்புறம்தான் செயலி. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் 'மெர்லின்' இலவசம். உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பை இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும். அந்தப் பெயரை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஸெனோ-கான்டோ' இணையதளத்தில் அதே பறவையின் நாலைந்து பதிவுகளைக் கேட்டு, நீங்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள். பெண் குயில் ஆணைப் போலக் கூவாது, 'கிக் கிக் கிக்' என்று கத்தும். துடுப்புவால் கரிச்சானோ மற்றப் பறவைகளின் குரலையே எடுத்துப் பேசும். ஒரே கிளையிலிருந்து மூன்று பறவைகளின் குரல் வந்தால் அதன் மேல் சந்தேகப்படுங்கள்.

ஒரு வேண்டுகோள். பதிவு செய்த குரலை மரத்தடியில் திரும்ப ஒலிக்கவிட்டு பறவையை வெளியே வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொரு பறவை நுழைந்துவிட்டது என்று நினைத்து அது பதறும். கூடு கட்டும் காலத்தில் முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டு வந்து நிற்கும்.

நான் இப்படித் தேடிப் பிடித்த முதல் பறவை குக்குறுவான்தான். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது, இலையோடு இலையான பச்சை, நெஞ்சில் ஒரு சிவப்புத் திட்டு. அலகை மூடியபடியேதான் கூவிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு 'டுக்'குக்கும் தொண்டையின் இரு பக்கமும் உப்பி உப்பி அடங்கின.