அழகர் வர்ணிப்பு சிடியைப் பிசகில்லாமல் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி

சினிமாப் பாட்டு சிடி கெட்டுப்போனால் அதே பாட்டு வேறெங்காவது கிடைத்துவிடும். மதுரைப் பக்கத்து வீடுகளில் கிடக்கும் அழகர் வர்ணிப்பு, கும்மிப்பாட்டு, ஊர்த் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரம் போன்றவை அப்படி இல்லை. பல நேரம் அந்த ஒரு டிஸ்க்தான் மிச்சம். அவற்றை அவசரமாக ஏற்றாதீர்கள்.

ஆடியோ சிடியில் நொடிக்கு 75 செக்டர் (தகவல் துண்டு), ஒவ்வொன்றிலும் 2352 பைட். டேட்டா சிடியில் இதில் 2048 பைட் மட்டுமே ஃபைலுக்கு. மிச்சத்தில் கூடுதல் பிழைதிருத்தம் இருக்கும். ஆடியோ சிடியில் மொத்த இடமும் பாட்டுக்கே போகிறது. அதனால் கீறல் விழுந்த இடத்தைத் திருத்த முடியாவிட்டால், டிரைவ் அக்கம்பக்கத்துச் சாம்பிள்களை (ஒலியின் சின்னஞ்சிறு அளவுகளை) வைத்து உத்தேசமாக நிரப்பிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. சாதாரண மீடியா பிளேயரில் எடுத்தால் எந்த இடத்தில் பிசகியது என்றே தெரியாது.

முதலில் சுத்தம். பூஜை அறையில் இருந்த டிஸ்க்கில் எண்ணெய்ப் பிசுக்கும் விபூதித் தூளும் ஒட்டியிருக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் அந்தத் தூளே கீறிவிடும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீர் விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. டிராக் வட்டமாக ஓடுவதால், அதன் போக்கிலேயே விழும் கீறல் தொடர்ச்சியான தகவலை அழிக்கும்; சுமார் 2.5 மி.மீ. வரைதான் சிடியின் திருத்தம் முழுதாகச் சமாளிக்கும். பெயர் அச்சிட்ட பக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும், வெள்ளிப் பூச்சு அந்த மெல்லிய வார்னிஷுக்கு நேர் கீழேதான் இருக்கிறது.

ஒன்றில் எடுத்ததை மற்றொன்றில் சரிபார்க்க டிரைவ் இரண்டு வேண்டும், வெவ்வேறு கம்பெனியாக இருந்தால் நல்லது. பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடைகளில் டெஸ்க்டாப் டிவிடி ரைட்டர் கிடைக்கும். அதை யுஎஸ்பியில் மாட்ட 12 வோல்ட் அடாப்டரோடு வரும் சாட்டா கேபிள் வாங்குங்கள். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்கான கேபிளில் 12 வோல்ட் வராது, டிரைவ் சுற்றாது.

பாட்டை எடுக்கும் மென்பொருளாக விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி (இஏசி) போதும். லினக்ஸில் விப்பர், மேக்கில் எக்ஸ்எல்டி. இஏசியின் டிரைவ் ஆப்ஷன்ஸில், ஒவ்வொரு இடத்தையும் இரண்டு முறை படித்து ஒப்பிடும் செக்யூர் மோடைத் தேர்ந்தெடுங்கள். டிரைவ் கேஷ் செய்கிறது என்று சோதனை காட்டினால் அந்தப் பெட்டியை டிக் செய்யவும். இல்லாவிட்டால் இரண்டாம் முறை டிஸ்க்கைப் படிக்காமல் நினைவில் இருப்பதையே டிரைவ் திருப்பித் தரும், சோதனைக்கே அர்த்தமில்லை. சி2 (படிக்கும்போது பிழையை டிரைவே சொல்லும் வசதி) வேண்டாம், பல டிரைவ்கள் அதைச் சரியாகச் சொல்வதில்லை. பிழை மீட்புத் தரத்தை ‘ஹை’யில் வையுங்கள். மோசமான செக்டரை 82 தடவை வரை படிக்கும். ஒரு டிராக்குக்கே மணிக்கணக்கில் ஆகலாம். மே மாத வெயிலில் டிரைவ் கொதிக்கும், இடையில் ஆறவிடுங்கள். கரண்ட் போகும் ஊரில் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

அடுத்தது ஆஃப்செட். ஒவ்வொரு மாடல் டிரைவும் சில சாம்பிள் முன்பின்னாகப் படிக்கும்; பல எல்ஜி டிரைவ்களுக்கு +6. காதுக்குத் தெரியாது, ஆனால் இதைச் சரிசெய்யாமல் இரண்டு டிரைவின் சிஆர்சி எண் (எடுத்த ஒலியைக் கணக்கிட்டுக் கிடைக்கும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகாது. நன்றாக விற்ற சினிமா ஆல்பத்தையோ வெளிநாட்டு ஆல்பத்தையோ போட்டால், அது அக்யூரேட்ரிப் பட்டியலில் (பலர் எடுத்த சிடிகளின் சரிபார்ப்பு எண்களைச் சேர்த்த இணையப் பட்டியல்) இருக்கும் பட்சத்தில் இஏசியே எண்ணைக் கண்டுபிடித்துவிடும்.

பிறகு கேப் டிடெக்ட் (டிராக்குகளுக்கு இடைப்பட்ட பகுதியைக் கண்டறிவது) செய்து, இரண்டு முறை படித்து ஒப்பிடும் டெஸ்ட் அண்ட் காப்பி கொடுத்து, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் ஃபைலாக எடுங்கள். வர்ணிப்பை நிறுத்தாமல் பாடி இடையில் டிராக் வெட்டியிருந்தால், கேப்பை விட்டுவிடாமல் எடுத்தால்தான் பாட்டு அறுபடாமல் ஓடும். இஏசி தரும் அறிக்கையான லாகில் டெஸ்ட் சிஆர்சியும் காப்பி சிஆர்சியும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘சஸ்பிஷியஸ் பொசிஷன்’ (சந்தேகத்துக்குரிய இடம்) என்று வந்தால் அந்த நிமிடத்தை ஹெட்போனில் கேளுங்கள்.

சினிமா டிஸ்க்குக்கு அக்யூரேட்ரிப் பொருத்தம் காட்டினால் வேலை முடிந்தது. வர்ணிப்பு டிஸ்க் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது. ஒரே டிரைவ் ஒரே தப்பை இரண்டு முறையும் செய்யக்கூடும் என்பதால், இரண்டாவது டிரைவில் மறுபடி எடுத்து டிராக் டிராக்காக சிஆர்சியை ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் நம்பலாம். இல்லையென்றால் வேகத்தை 8 எக்ஸுக்குக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் முடியாவிட்டால் இரண்டையும் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டில் அதே சிடி இருக்கிறதா என்று விசாரிப்பதுதான் வழி.

அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் அது ரைட்டரில் எழுதிய சிடி-ஆர். வெயிலில் அதன் சாயம் மங்கும், அதனால் அதை முதலில் எடுங்கள். இவற்றில் பல எம்பி3யிலிருந்து எழுதியவை. ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெறுமையாகத் தெரியும். அது நீங்கள் எடுத்ததன் குறையல்ல, டிஸ்க்கிலேயே அவ்வளவுதான். அதையும் ஃப்ளாக்காகவே வையுங்கள், மறுபடி எம்பி3 ஆக்கினால் இன்னும் தேயும்.

பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம், ஃப்ளாக் டேக் அதை ஏற்கும். பாடியவர் பெயரை உறையில் பார்த்து இப்போதே பதிந்துவிடுங்கள், உறையையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, லாக், க்யூ (டிராக் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு) ஃபைல்களோடு அதே ஃபோல்டரில் போடுங்கள்.