பாரிஸ் வரைபடத்தில் தளபதிகளைத் தேடுவது எப்படி?

தளபதி பெயரில் ஒரு தெருவையோ மெட்ரோ நிலையத்தையோ பார்த்ததும் நேராக அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் புரட்டப் போய்விடாதீர்கள். முதலில் அக்கம்பக்கத்துப் பெயர்களைப் பாருங்கள். இப்படிப் பார்த்துப் பழகப் பாரிஸைவிட நல்ல ஊர் இல்லை என்பது என் கட்சி.

நகரின் ஓரத்தில் வளையமாக ஓடும் சாலைகளில் தொடங்குங்கள். மஸேனா, சூல்ட், தாவூ, நே, லான், முரா என்று வரிசையாக நெப்போலியனின் மார்ஷல்கள், அதாவது மிக உயர்ந்த பட்டம் பெற்ற தளபதிகள். டி3ஏ, டி3பி டிராம்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகின்றன. நிறுத்தங்களுக்குப் பழைய நகரவாயில்களின் பெயர்களே அதிகம் என்பதால், சுவரில் தெருப் பெயர் எழுதியிருக்கும் நீலப் பலகைகளைக் கவனியுங்கள்.

அடுத்து, யார் எப்போது வைத்த பெயர் என்று கேளுங்கள். இவற்றில் பெரும்பாலானவை 1864-இல் வந்தவை. அப்போது ஆண்டவர் நெப்போலியனின் தம்பி மகன், மூன்றாம் நெப்போலியன். அந்தச் சாலைகளோ கோட்டைச் சுவரின் உட்புறம் போட்ட ராணுவப் பாதை. பெரியப்பாவின் படைத்தலைவர்களைத் தேர்ந்தெடுத்த காரணம் இப்போது விளங்கும். இதே பாரிஸில் 1815-இல் தேசத்துரோகி என்று சுட்டுக் கொல்லப்பட்ட நேவுக்கும் அதில் இடம் கிடைத்தது.

அப்புறம் விடுபட்டவர்களைத் தேடுங்கள்; எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். மார்ஷல்கள் மொத்தம் 26 பேர், வளையத்தில் இருப்பவர்கள் 19 பேர். 1814-இல் தன் படையோடு எதிரிப் பக்கம் போன மார்மோன் அதில் இல்லை. ஸ்வீடனின் பட்டத்து இளவரசராகி நெப்போலியனையே எதிர்த்துப் போரிட்ட பெர்னதோத்தும் இல்லை. ஆனால் விடுபட்டவர்கள் எல்லாருமே துரோகிகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விடுபட்ட இன்னொரு மார்ஷலான ஊதினோவுக்கு ஊருக்குள் வேறொரு தெரு இருக்கிறது.

சரி, மெட்ரோவுக்கு வருவோம். மேலே இருக்கும் தெருவோ சதுக்கமோதான் பெரும்பாலும் நிலையத்துக்குப் பெயர் தரும். தோமெனில் நிலையத்திலிருந்து மேலே ஏறிப் பாருங்கள், அதே பெயரில் நீண்ட சாலை. தோமெனில், வாக்ராம் போரில் ஒரு காலை இழந்த நெப்போலியனின் தளபதி. 1814-இல், பாரிஸை ஒட்டிய வான்சென் கோட்டையைக் கேட்டு வந்த எதிரிகளிடம், என் காலைத் திருப்பிக் கொடுத்தால் கோட்டையைத் தருகிறேன் என்றாராம்.

பெயர் மாறிய நிலையங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 2-ஆம் தடம் போதும். பார்பெஸ் நிலைய நடைமேடையில் 1941-இல் ஜெர்மன் கடற்படைக்காரர் ஒருவரைச் சுட்டவர், ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய பியர் ஜார்ஜ்; அவருக்கு அப்போது வயது 22. பின்னாளில் கர்னல் ஃபாபியன் என்று பெயர் பெற்றார். 1945-இல் கோம்பா நிலையம் அவர் பெயருக்கு மாறியது. பார்பெஸில் ஏறினால் நாலாவது நிறுத்தம். நடுவே வரும் ஸ்டாலின்கிராடும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வைத்த பெயர்தான்.