விரல் அசைவதெல்லாம் ஈடுபாடு அல்ல: கல்லூரி வகுப்பில் புதிய தொழில்நுட்பம், தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் பணியில் சேர்ந்த சக ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். மாணவர்கள் கைபேசியில் விடையைத் தேர்ந்தெடுக்க, வாக்குகள் பட்டை வரைபடமாகத் தெரியும் நேரடி வாக்கெடுப்புச் செயலி ஒன்றைத் திரையில் ஓடவிட்டு, ஐம்பது நிமிடங்களில் பன்னிரண்டு வினாக்களைக் கேட்டு முடித்தார். ஒவ்வொரு முறையும் பட்டைகள் உயர்ந்தன, இசை ஒலித்தது, மாணவர்கள் ஆரவாரித்தார்கள். வகுப்பு முடிந்ததும், "எப்படி இருந்தது, சார்?" என்று கேட்டார். அவர் செய்த தவறுகள் அனைத்தையும் பல ஆண்டுகளுக்கு முன்பே நான் செய்து முடித்திருந்ததால், சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். சார்ஜ் இல்லாத மடிக்கணினியோடு வருவது, ஒலிவாங்கியைச் சோதிக்காமல் தொடங்குவது போன்றவற்றை ஒருமுறை பட்டால் எவரும் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாக்குகளின் எண்ணிக்கையை ஈடுபாடு என்று நம்புவது

இந்த ஒரு தவறு என்னுடைய இரண்டு பருவங்களை விழுங்கியது. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. புள்ளியியல் அறிமுகப் பாடத்தில், வாக்கெடுப்பில் கலந்துகொண்டாலே உள்மதிப்பீட்டு மதிப்பெண் உண்டு என்று அறிவித்திருந்தேன். ஏறக்குறைய அனைவரும் வாக்களித்தார்கள். அந்த வரைபடத்தைத் துறைக் கூட்டத்தில் பெருமையோடு காட்டவும் செய்தேன். பிறகொரு நாள் தற்செயலாகத் தலைகளை எண்ணியபோது, திரையிலிருந்த வாக்குகள் அறையிலிருந்த தலைகளைவிடக் கூடுதலாக இருந்தன. நுழைவுக் குறியீட்டை யாரோ படம்பிடித்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட, சிலர் விடுதிக் கட்டிலில் படுத்தபடியே ஈடுபாடு காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதையாவது மன்னித்துவிடலாம். அறைக்குள் வந்து அமர்ந்தவர்களுக்கு நான் செய்ததுதான் மோசம். நான் கேட்ட வினா இது: ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு உண்டு. நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைப் பரிசோதனை சரியாகக் கண்டுபிடிக்கும். நோயற்றவர்களில் 9 சதவீதத்தினருக்கும் தவறாக 'உண்டு' என்று காட்டும். 'உண்டு' என்று முடிவு வந்த ஒருவருக்கு உண்மையில் நோய் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? வாக்குகள் விழ விழப் பட்டைகள் வளருவதை அப்படியே திரையில் காட்டினேன். முதலில் விழுந்த சில வாக்குகள் 90 சதவீதத்துக்குப் போயின. மீதி அறை அந்தப் பட்டையின் பின்னால் போயிற்று. சரியான விடை ஏறத்தாழ 9 சதவீதம்தான் என்று அறிவித்தேன். ஆயிரம் பேரில் நோயுள்ள 10 பேரில் 9 பேரும், நோயற்ற 990 பேரில் சுமார் 89 பேரும் 'உண்டு' பட்டியலில் வருவார்கள், ஆக அந்த 98 பேரில் 9 பேருக்கே நோய் என்று இரண்டே நிமிடத்தில் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பருவத் தேர்வில் எண்களை மட்டும் மாற்றி அதே வினாவைக் கேட்டபோது, பெரும்பாலோர் அதே பழைய தவறைத் திரும்ப எழுதியிருந்தார்கள்.

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய சகமாணவர் கற்பித்தல் முறையைப் பின்பற்றுவதாகத்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த முறையில் மாணவர் முதலில் தனியாகச் சிந்தித்து வாக்களிக்க வேண்டும். சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் வரை வந்திருந்தால், பக்கத்திலிருப்பவரிடம் தன் விடைக்குக் காரணம் சொல்லி வாதாட வேண்டும். பிறகு மறுபடி வாக்களிக்க வேண்டும். ஆசிரியரின் விளக்கம் அதன் பின்னர்தான். நானோ முதல் வாக்கின் முடிவை மறைக்கவும் இல்லை, வாதாட விடவும் இல்லை. முறையின் உயிர் அந்த இரண்டிலும்தான் இருந்தது. பட்டை வரைபடத்தைப் பார்த்துவிட்டு விவாதிக்கும் மாணவர்கள் பெரும்பான்மை விடைக்கு மாறுவதற்கான வாய்ப்பு 30 சதவீதம் கூடுவதாக, உயிரியல் வகுப்புகளில் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இவ்வாறு முறையாக நடத்தினால் ஒரு வினாவுக்கே எட்டு, பத்து நிமிடங்கள் பிடிக்கும். ஐம்பது நிமிடங்களில் ஐந்தாறு வினாக்களுக்கு மேல் கேட்க முடியாது. பன்னிரண்டு கேட்டால் அது வினாடி வினாப் போட்டி.

சாதனத்தை வாங்கிவிட்டுப் பாடத்தைத் தேடுவது

மெய்நிகர் உண்மைக் கண்ணாடி அணிந்து ஆய்வகப் பாடத்தைச் செய்த மாணவர்கள், அதே பாடத்தைச் சாதாரணக் கணினித் திரையில் செய்தவர்களைவிட, அந்த இடத்திலேயே இருப்பதுபோல் கூடுதலாக உணர்ந்தார்கள். ஆனால் குறைவாகவே கற்றார்கள் என்பது 2019-இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு. எந்தப் பாடத்துக்கு, எந்தப் பத்து நிமிடத்துக்கு என்று சொல்ல முடியாதவரை கொள்முதல் கோரிக்கையில் கையெழுத்திடாதீர்கள்.

ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே பதிவேற்றுவது

எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை அலசிய 2014-ஆம் ஆண்டு ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமானாலும் பார்க்கப்படும் நேரத்தின் இடைநிலை ஆறு நிமிடங்களைத் தாண்டவில்லை. நறுக்குங்கள்.

கண்டறியும் கருவியை நம்பிக் குற்றஞ்சாட்டுவது

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த சில மாதங்களில், கட்டுரையை இயந்திரம் எழுதியதா என்று கண்டறியும் ஒரு கருவியின் சிவப்புக் குறியை நம்பி ஒரு மாணவியை அறைக்கு அழைத்து விசாரித்தேன். அவர் ஒன்றும் பேசாமல், அடித்தல் திருத்தல்களோடு கையால் எழுதிய மூன்று வரைவுகளை மேசைமேல் வைத்தார். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியக் குறைவு காரணமாக 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. இப்போது இயந்திரம் எழுதிய விடையையே அச்சிட்டுக் கொடுத்து, அதில் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். அந்த நோய்ப் பரிசோதனைக் கணக்கில் இதற்கு நல்ல தீனி கிடைக்கிறது.

தரவரிசைப் பலகை

கடைசி இடத்துப் பெயர்களைத் திரையில் காட்டாதீர்கள்.

ஒரே பருவத்தில் நான்கு செயலிகள்

ஒன்று போதும்.

இணையம் அறுந்தால் பாடமும் அறுந்துபோவது

சகமாணவர் கற்பித்தலில் வாக்களிக்கும் கருவிக்குப் பதிலாகக் கையில் தூக்கிக் காட்டும் அட்டைகளைப் பயன்படுத்தினாலும் கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று இயற்பியல் வகுப்பில் நடத்தி 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. என் மேசை இழுப்பறையில் நான்கு நிற அட்டைக் கட்டுகள் எப்போதும் இருக்கும். கடந்த பருவத்தில் இரண்டு முறை எடுத்தேன்; இரண்டாவது முறை இணைய இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.