சர்வரைக் குடைகிறவர்கள் மேல் புகார் கொடுப்பது எப்படி?

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவரின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவர் கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு வரை போய் வாங்கிவரும் சரக்கின் விலையெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு நாள் காலை லாகை, அதாவது யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்தால், ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) இரவு முழுக்கக் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் அந்த ஐபியை, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். அந்த ஐபியை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் புகார் அனுப்புவது அதற்குப் பிறகுதான்.

1. லாக் வரிகளை அப்படியே எழுத்தாக நகலெடுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். நேரத்தோடு நேர மண்டலமும் இருக்கவேண்டும். நான் அனுப்பிய முதல் புகாரில் "இரவு 2 மணி" என்று மட்டும் எழுதியிருந்தேன். எந்த ஊர் 2 மணி என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். நமக்கு இரவு 2 என்றால் உலகப் பொது நேரமான யுடிசி கணக்கில் முந்தைய நாள் இரவு 8.30. ஒரே ஐபி காலையில் ஒருவரிடமும் மாலையில் இன்னொருவரிடமும் இருக்கலாம். நேரம் பிசகினால் பழி வேறொருவர் தலையில் விழும்.

2. 'ஹூ இஸ்' (whois) தேடலில் அந்த ஐபியைப் போடுங்கள். அது எந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்று வரும். அங்கே பெரும்பாலும் 'அப்யூஸ்' (abuse) என்று தொடங்கும் மின்னஞ்சல் இருக்கும். இந்தப் பெயரில் ஒரு பெட்டி வைக்கும் வழக்கம் 1997-லேயே இணைய விதிமுறைகளில் எழுதப்பட்டது. விற்பனைப் பிரிவுக்கு எழுதிப் பயனில்லை.

3. ஒரு ஐபிக்கு ஒரு மின்னஞ்சல், எளிய ஆங்கிலத்தில் நாலு வரி. தலைப்பிலேயே ஐபியும் குற்றமும் தெரியட்டும். திட்டாதீர்கள். பல நிறுவனங்கள் உங்கள் புகாரை அப்படியே அந்த ஐபியைப் பயன்படுத்தும் தங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடும்; அதனால் உங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், போன் எண் எல்லாவற்றையும் லாகிலிருந்து நீக்கிவிடுங்கள்.

அப்புறம் அங்கே என்ன நடக்கும்? உங்கள் புகாருக்கு ஒரு டிக்கெட் எண் (பதிவு எண்) வரும். அந்த நேரத்தில் அந்த ஐபி யாரிடம் இருந்தது என்று பார்ப்பார்கள். அவருக்குப் புகாரை அனுப்பிக் கெடு வைப்பார்கள். பதில் இல்லையென்றால் இணைப்பைத் துண்டிப்பார்கள். தாக்குதல் தொடர்ந்தாலோ போலி வங்கிப் பக்கம் ஓடினாலோ கெடுவே இருக்காது. ஆள் யார் என்று மட்டும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். அது சரிதான், பெரும்பாலும் அவரும் நம்மைப்போல ஏமாந்தவர்.

பதிலே வராவிட்டால் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு (CERT-In) எழுதலாம். பணம் போயிருந்தால் காத்திருக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

நேரத்தைத் திருத்தி நான் மறுபடி அனுப்பிய புகாருக்கு மூன்றாம் நாள் பதில் வந்தது. புதுப்பிக்காமல் விட்ட பழைய வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்) வழியாக யாரோ அந்த சர்வருக்குள் நுழைந்திருக்கிறார்கள். சுத்தம் செய்துவிட்டார்களாம். அன்றைக்கே அண்ணனுடைய வேர்ட்பிரஸையும் புதுப்பித்தேன்.