குரல் பதிவு அனுப்பி ஒரு தெருவைக் குப்பை பிரிக்க வைப்பது எப்படி? (கொடைக்கானல் செய்முறை)

எங்கள் தெருவில் இப்போது பெரும்பாலான வீடுகளின் ஈரக் குப்பை வாசலுக்கு வருவதில்லை. கொல்லையில் குப்பையை உரமாக மக்க வைக்கும் டிரம்முக்குள் போகிறது. இதற்காக நாங்கள் கூட்டம் போடவில்லை, நோட்டீஸ் அடிக்கவில்லை. வாரம் ஒரு வாட்ஸாப் குரல் பதிவு, அதையொட்டி நடக்கும் பேச்சு, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒரு சந்திப்பு, அவ்வளவுதான். பூம்பாறை, பண்ணைக்காடு பக்கமிருந்தெல்லாம் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

குழு தொடங்குவது, ஆள் சேர்ப்பது எப்படி என்று விளக்கப் போவதில்லை. அது தெரியாத வீட்டில் கட்டாயம் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும்.

படி 1: ஒரே ஒரு விஷயம்

"பசுமை", "இயற்கை" என்று பொதுவாகப் பெயர் வைத்துக் குழு தொடங்கினால் காலையில் சூரிய உதயப் படமும் மாலையில் மூலிகைக் குறிப்பும்தான் வந்து விழும். தெருவில் எல்லோரும் ஏற்கெனவே புலம்பிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிடியுங்கள். எங்களுக்குக் காட்டுமாடு. ராத்திரி இறங்கி வந்து, முக்கில் கட்டிவைத்த கவரைக் கிழித்து, மிச்சச் சோற்றோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தின்னும். டியூஷன் முடிந்து பிள்ளைகள் வரும் நேரத்தில் நடுரோட்டில் நிற்கும். அப்போது இருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னதை நான் எடுத்துச் சொன்னபோது தலையாட்டியவர்கள், "சோறு இல்லாத கவரை மாடு தேடி வராது" என்றதும் டிரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

உங்கள் ஊரில் அது வேறாக இருக்கலாம். மன்னவனூர் பக்கம் என்றால் பூண்டு விதை. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைப் பற்றிப் பேச ஆள் சேர்ப்பது சுலபம். தாண்டிக்குடி பக்கம் என்றால் மலைவாழை.

போனில் பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்க்கதையே பதில். 2001இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் கிடந்ததைப் பிடித்ததில்தான் இந்துஸ்தான் லீவர் (இப்போது இந்துஸ்தான் யூனிலீவர்) நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் அப்புறமும் வருடக்கணக்கில் போராடினார்கள். 2015இல் அதைப் பற்றி ஒரு ராப் காணொளி வந்து, பல லட்சம் பேர் பார்த்து, உலகம் முழுக்கப் பேச்சானது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. காணொளி மட்டுமே சாதித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு முன்னால் பதினான்கு வருடப் போராட்டம் தரையில் நடந்திருந்தது. நம் குப்பை விஷயம் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் தரையில் வேலை நடக்காமல் போனில் மட்டும் பேசினால் எதுவும் நகராது என்பது இரண்டுக்கும் பொது.

படி 2: குழுவா, பிராட்காஸ்ட்டா?

ஒரே தகவலைப் பல பேருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் பார்க்க வசதியாகத் தெரியும். ஒரு சிக்கல்: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். நீங்கள் அவர் எண்ணை வைத்திருந்தால் போதாது. அனுப்பியாயிற்று என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், பாதித் தெருவுக்குத் தகவலே போயிருக்காது.

என் ஓட்டு சாதாரணக் குழுவுக்குத்தான். "அட்மின் மட்டும் அனுப்பலாம்" என்ற அமைப்பைத் தொடாதீர்கள். அதைப் போட்டால் குழு நோட்டீஸ் போர்டாகிவிடும். நமக்கு வேண்டியது பதில் பேச்சு. இரவு ஒன்பதுக்கு மேல் யாரும் அனுப்ப வேண்டாம் என்ற ஒரு விதி போதும். அரசியல் ஃபார்வர்ட் வந்தால் குழுவில் சண்டை போடாமல், அட்மினாக அதை நீக்கிவிட்டு, அனுப்பியவரைத் தனியாகக் கூப்பிட்டு "அண்ணே, இது குப்பைக் குழு" என்று சொல்லிவிடுங்கள்.

படி 3: பதிவு செய்வது (இதை நிதானமாகப் படியுங்கள்)

எழுத்தில் அனுப்பினால் படிப்பவர் குறைவு. வீடியோ அனுப்பினால் மலையில் சிக்னல் விடாது. பள்ளத்துப் பக்கம் இருக்கும் வீடுகளில் மழை வந்தால் போட்டோகூட இறங்காது. குரல்தான் சரி. ஆனால் குரலிலும் இரண்டு வகை உண்டு, அங்கேதான் நான் ரொம்ப நாள் முட்டிக்கொண்டு நின்றேன்.

தனியாக ரெக்கார்டர் ஆப்பில் பதிந்து, இருமலையெல்லாம் வெட்டி, அழகாக இணைத்து அனுப்பினேன். பாதிப் பேர் கேட்கவே இல்லை. எதிர்வீட்டுப் பாட்டியிடம் விசாரித்தால், "என்னமோ வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றார். அவர் போனை வாங்கிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. இணைப்பாகப் போகும் ஆடியோ கோப்பு, மீடியா தானாக இறங்கும் அமைப்புக்குக் கட்டுப்பட்டது. டேட்டா தீரக்கூடாது என்று பேரனோ மகளோ அதை அணைத்து வைத்திருப்பார்கள். அம்புக்குறியைத் தொட்டு, காத்திருந்து, பிறகுதான் கேட்க முடியும். வாட்ஸாப்பின் மைக் பொத்தானை அழுத்திப் பேசும் குரல் பதிவு அப்படியில்லை. அந்த அமைப்பு எப்படி இருந்தாலும் அது தானாகவே இறங்கிவிடும். கோப்பின் அளவும் சிறியது. சிக்னல் ஒரு கோடு வந்து போகும் நேரத்தில்கூட இறங்கிவிடுகிறது.

ஆக, எடிட்டிங் ஆசையை விட்டுவிடுங்கள். மைக் பொத்தானை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரல் வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். நடுவில் நிறுத்தலாம், அனுப்பும் முன் கேட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டு மறுபடி பேசலாம்.

இன்னும் சில:

- காற்று. வெளியில் நின்று பேசினால் நம் ஊர்க் காற்றில் ஒன்றும் கேட்காது. ஜன்னலைச் சாத்திவிட்டு, கம்பளி அடுக்கி வைத்திருக்கும் அலமாரியைத் திறந்து அதன் பக்கமாக முகத்தை வைத்துப் பேசுங்கள். எதிரொலி போய்விடும். சட்டையில் குத்தும் மலிவு மைக்குக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய போனோடு வந்த ஒயர் இயர்போனே மேல்.
- ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக இருந்தால் இரட்டை வேகத்தில் ஓட விடுவார்கள்.
- சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அனுப்புகிறேன். மறுநாள் சந்தை என்பதால் எல்லோரும் வீட்டில் பட்டியல் போடும் நேரம்.

படி 4: கடைசி வரி கேள்வியாக இருக்கட்டும்

"நாம் அனைவரும் சேர்ந்து மலையைக் காப்போம்" என்று முடித்தால் கும்பிடு போடும் பொம்மைகள் வரிசையாக வரும், அதோடு முடிந்தது. பதில் சொல்லக் கூடியதைக் கேளுங்கள். நான் அனுப்பிய ஒன்றை அப்படியே தருகிறேன்:

"வணக்கம், மேல்வீட்டுல இருந்து பேசுறேன். நேத்து ராத்திரி மறுபடி மாடு வந்து முக்குல கவரைக் கிழிச்சிருக்கு. காலைல நானும் பால்கார அண்ணனும் கூட்டி அள்ளினோம். உள்ள இருந்தது முக்காவாசி கோஸ் இலையும் சோறும்தான். எங்க வீட்டு டிரம்ல கோஸ் இலையப் போட்டா ரெண்டு நாள்ல நாத்தம் வருது. யார் வீட்டுலயாவது நாத்தம் இல்லாமப் பண்றீங்களா? என்ன போட்டு மூடுறீங்க?"

யார் வீட்டுக் கவர் என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அடையாளம் தெரியும்படி குப்பையைப் படம் எடுத்துப் போட்டால் அன்றோடு குழு செத்தது. வெட்கப்படுத்தித் திருந்தியவர்களை நான் பார்த்ததில்லை, குழுவை விட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கேள்விக்கு வந்த பதில்கள்தான் இன்றைக்கும் எங்கள் பாடப் புத்தகம். சந்தையில் பூண்டு விற்கும் அக்கா, ஒவ்வொரு நாளும் போட்டதற்கு மேல் இரண்டு கை காய்ந்த இலை போடச் சொன்னார். பைன் ஊசி இலை வேண்டாம், அது லேசில் மக்காது, பேரிக்காய் மரத்து இலை நல்லது என்றார் இன்னொருவர். குழி வெட்டினால் காட்டுப்பன்றி கிளறிவிடும், ஓட்டை போட்ட டிரம்தான் சரி, மூடிமேல் ஒரு கல்லும் வேண்டும் என்றது ஓய்வு பெற்ற வாத்தியார் குரல். நான் நூறு கட்டுரை படித்துச் சொல்லியிருந்தாலும் இதில் பாதி எடுபட்டிருக்காது. பக்கத்து வீட்டுக் குரல் சொன்னதால் செய்து பார்த்தார்கள்.

இப்படி வரும் நல்ல பதில்களை அடுத்த தெருக் குழுவுக்கு அனுப்பும் முன் பேசியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள். சிலர் "இரு, திருத்தமா இன்னொரு தடவை பேசித் தர்றேன்" என்பார்கள்.

வாக்கெடுப்பு வசதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குழுவில் யார் எதற்கு வாக்களித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். "இன்னும் கவரில் கட்டிப் போடுகிறீர்களா?" என்று வாக்கெடுப்பு வைத்தால் ஊரே உத்தமராகிவிடும். "சந்திப்பு காலை எட்டா, பத்தா?" போன்றவற்றுக்கு மட்டும் வையுங்கள்.

படி 5: போனிலிருந்து தரைக்கு

நாலு வாரத்துக்கு மேல் போனிலேயே ஓட்டக்கூடாது. ஞாயிறு சந்தைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை வாசல், பத்து நிமிடம். ஒருவர் தன் டிரம்மில் மக்கிய உரத்தை ஒரு கைப்பிடி கொண்டு வரட்டும். முகர்ந்து பார்க்கட்டும். மழை பெய்த மண் வாசம் வந்தால் பேச்சே தேவையில்லை. எங்களுக்கு இதிலேயே விதைப் பரிமாற்றமும் தொடங்கிவிட்டது. உரம் கொண்டு வந்தவருக்குப் பதிலாக ஒருவர் பட்டாணி விதை கொடுத்தார், அப்புறம் பீன்ஸ், அப்புறம் கீரை.

பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் வழி. அந்த வாரப் பதிவை டீக்கடைக்காரர் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்.

பின்சேர்க்கை 1: குழுவில் சேர்ந்தால் எல்லோருக்கும் தங்கள் எண் தெரிந்துவிடும் என்று சில பெண்கள் தயங்குவதாக எழுதியிருந்தார்கள். நியாயமான தயக்கம். வாட்ஸாப் கம்யூனிட்டி (பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கும் வசதி) தொடங்கி, அதன் அறிவிப்புப் பகுதியில் மட்டும் அவர்களைச் சேர்க்கலாம். அங்கே உறுப்பினர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது, அட்மினுக்கு மட்டும் தெரியும். அவர்கள் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பட்டும். பேரைச் சொல்லாமல் நீங்கள் குழுவில் எடுத்துச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 2: டிசம்பர், ஜனவரி உறைபனியில் டிரம் அப்படியே நின்றுபோகிறது என்று பல பேர் கேட்டிருந்தார்கள். குளிரில் மக்குவது மெதுவாகத்தான் நடக்கும். பொடியாக நறுக்கிப் போடுங்கள், கொஞ்சம் சாணி கரைத்து ஊற்றுங்கள், டிரம்மைச் சாக்கால் சுற்றி வெயில் படும் சுவர் ஓரம் வையுங்கள். அந்த மாதங்களில் இதையே பதிவின் பொருளாக்கிவிடுங்கள். ஆள் விட்டுப்போவது அப்போதுதான்.

பின்சேர்க்கை 3: கோத்தகிரியிலிருந்து ஒருவர், தங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) பெரியவர்கள் படுகு மொழியில் பேசினால்தான் காது கொடுக்கிறார்கள் என்றார். அப்படியே செய்யுங்கள், தமிழில்தான் பேச வேண்டும் என்று யார் சொன்னது? அங்கே ரேடியோ கோத்தகிரி 90.4 சமுதாய வானொலி நீலகிரிப் பழங்குடி மொழிகளிலும் நிகழ்ச்சி தருகிறது. நல்ல பதிவு சேர்ந்தால் அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பின்சேர்க்கை 4: காட்டேஜ் நடத்துபவர்களுக்கு. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்துவிட்டதால் விருந்தினர் எப்படியும் முன்கூட்டியே உங்களிடம் பேசுகிறார்கள். அப்போதே அரை நிமிடக் குரல் பதிவு ஒன்று அனுப்பிவிடுங்கள்: வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்து வரச் சொல்லி, ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று சொல்லி, உங்கள் இடத்தில் குடிதண்ணீர் எங்கே நிரப்பலாம் என்றும் சொல்லி. அறையில் மாட்டும் அட்டையை யாரும் படிப்பதில்லை. வரும் வழியில் வத்தலக்குண்டில் சாப்பிட நிறுத்தும்போது இதைக் கேட்டுவிடுகிறார்கள்.